தொடாமலே காய்ச்சல் பார்க்கிறதே... எப்படி?

ராத்திரி 11 மணி. குழந்தை அனத்துகிறது. "என்னங்க, இவனுக்கு உடம்பு கொதிக்குதே!" என்கிறீர்கள். கணவர் எழுந்து போய், 2020-ல் கொரோனா சமயத்தில் வாங்கி வைத்த அந்தத் 'துப்பாக்கி'யை ஹால் அலமாரியிலிருந்து எடுத்து வருகிறார். நெற்றிக்கு நேரே பிடித்து ஓர் அழுத்து. 'பீப்'. 97.9! "ஒண்ணுமில்லை, நார்மல்தான்" என்று திரும்பிப் படுத்து விடுகிறார்.

சத்தம் கேட்டு மாமியார் வருகிறார். புறங்கையைக் குழந்தையின் கழுத்தில் வைத்துப் பார்க்கிறார். "யாரு சொன்னா நார்மல்னு? நெருப்பாச் சுடுது. அக்குள்ல வைக்கிற தெர்மாமீட்டரை எடும்மா."

எடுத்து வைத்தால்... 101.

மாமியாரின் கை ஜெயித்து, கருவி தோற்றுப் போனது எப்படி? கருவி கெட்டுவிட்டதா? பேட்டரி தீர்ந்துவிட்டதா? இரண்டும் இல்லை. ஹாலின் புழுக்கத்தில் கிடந்த கருவியை ஏ.ஸி. ஓடும் படுக்கையறைக்குக் கொண்டுவந்து, வந்த கையோடு பயன்படுத்தியிருக்கிறார். போதாக்குறைக்கு, குழந்தையின் நெற்றி வேர்வை ஃபேன் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. இந்த இரண்டும் ஏன் அதைக் குழப்பின என்று தெரிய வேண்டுமானால், அதன் மூக்குக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் ஒரு துளி சில்லுக்குப் பின்னால் இருநூறு வருஷ சரித்திரமே இருக்கிறது!

அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லுக்கு மேலே கையை நீட்டிப் பாருங்கள். தொடவே வேண்டாம். பக்கவாட்டில் பிடித்தாலும் சூடு தெரியும். கல்லிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி வந்துகொண்டிருக்கிறது. அதுதான் அகச்சிவப்புக் கதிர். இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் 1800-ம் வருடம் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, நிறமே இல்லாத இடத்தில் வைத்தபோது பாதரசம் இன்னும் மேலே ஏறியது. அப்போதுதான் இப்படி ஒரு கதிர் இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது.

தோசைக்கல் மட்டுமல்ல, நீங்கள், நான், தூங்கும் பூனைக்குட்டி எல்லோருமே இந்தக் கதிரை வீசிக்கொண்டுதான் இருக்கிறோம். மனிதத் தோலிலிருந்து வருவதில் 9, 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டியதுதான் அதிகம். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். நம் தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான்!) உடம்பு சூடானால் கதிரும் கூடும். கருவி செய்வதெல்லாம் அதை வாங்கிக் கொள்வது மட்டும்தான்.

இங்கே ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். 2020-ல் கடை வாசலில் இந்தக் கருவியை நீட்டும்போது, "நெத்தியில காட்டாதீங்க, மூளைக்குக் கெடுதலாம்" என்று கையை நீட்டியவர்கள் ஏராளம். நம்மிடமிருந்து கிளம்புவதை வாங்கும் கருவி இது. மூளைக்குள் எதையும் அனுப்புவதில்லை. தொழிற்சாலைகளில் பயன்படும் சில வகைகளில் குறி பார்ப்பதற்காகச் சிவப்புப் புள்ளியாக லேசர் ஒளி வரும். அதைக் கண்ணில் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பயந்து மணிக்கட்டை நீட்டினால் அது நெற்றியைவிடக் குளிர்ந்த இடம். வாசலில் வெயிலில் நடந்து வந்தவர் கையோ வேறு கதை!

சரி, வாங்கிக் கொள்வது என்ன அவ்வளவு கஷ்டமா? கஷ்டம்தான். கருவியும் சூடாகத்தானே இருக்கிறது! சந்தை இரைச்சலில் நின்றுகொண்டு ஒருவர் காதோடு சொல்லும் ரகசியத்தைக் கேட்பது போன்றது இது. அதனால் முதலில் வந்த உணர்விகளைக் குளிரவைத்தார்கள். சாதாரணக் குளிர் அல்ல. திரவ நைட்ரஜன் ஊற்றி, பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் வரைக்கும்! படம் அருமையாக வரும். ஆனால் விலை யானை விலை, பராமரிப்பு அதற்கு மேல். ராணுவத்துக்கும் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கும்தான் கட்டுப்படியானது.

குளிரவைக்காமலே முடியாதா?

இதற்கு யோசனை 1880-ஐ ஒட்டியே வந்துவிட்டது. சாமுவேல் லாங்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி, பிளாட்டினத்தை மெல்லிய நாடாவாக்கி, அதில் மின்சாரம் ஓடவிட்டார். நாடாவின் மேல் கதிர் விழுந்தால் அது கொஞ்சம் சூடாகும். சூடானால் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் போதும். இதற்குப் 'போலோமீட்டர்' என்று பெயர். கால் மைல் தூரத்தில் நிற்கும் பசுவின் உடல் சூட்டைக்கூட அது கண்டுபிடிக்கும் என்று சொல்வார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். நாடா வாங்கிய துளி சூடும், அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தின் வழியே ஓடிப் போய்விடும். காப்பியை டம்ளரில் ஊற்றி வைத்தால் ஆறிப் போகிறதே, அது மாதிரி. நாடாவை எதிலும் படாமல் அந்தரத்தில் நிறுத்த வேண்டும்; தூசியைவிடச் சிறிதாக்க வேண்டும்; ஒரு படம் வேண்டுமானால் அப்படி ஆயிரக்கணக்கில் வேண்டும். பொற்கொல்லர் கைக்கும் எட்டாத வேலை! நூறு வருஷம் ஆனது அதற்கு வழி பிறக்க.

வழி காட்டியது கம்ப்யூட்டர் சில்லு. அந்தச் சில்லைச் செய்யும் அதே முறையில், மின்சுற்றுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத பாலங்களையும் பலகைகளையும் செதுக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். நுண் எந்திர நுட்பம் என்பது இதுதான். 1980-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவில், ஹனிவெல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆண்ட்ரூ உட் என்பவரின் குழு இதில் இறங்கியது. பணம் போட்டது அமெரிக்க ராணுவத் துறை. இருட்டில் எதிரியைப் பார்க்க வேண்டும், ஆனால் சிப்பாய் முதுகில் நைட்ரஜன் குடுவையைக் கட்டி அனுப்ப முடியாதே!

அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள நீங்கள் இன்ஜினீயர் ஆக வேண்டாம். வீடு கட்டும்போது தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சென்ட்ரிங் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, அதன் மேல் கான்கிரீட் கொட்டுவார்கள். இறுகியதும் முட்டையும் பலகையையும் பிரித்துவிடுவார்கள். தளம் மட்டும் நிற்கும். அதே வேலைதான் இங்கேயும். சிலிக்கான் சில்லின் மேல், பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய ஒரு பொருளைப் பூசுகிறார்கள். அதுதான் சென்ட்ரிங். அதற்கு மேல் சிலிக்கான் நைட்ரைடு என்ற உறுதியான பொருளை அரை மைக்ரான் கனத்துக்கு விரிக்கிறார்கள். கூடவே வனேடியம் ஆக்ஸைடு என்ற பொருளில் ஒரு பூச்சு. கடைசியில் அடியில் இருப்பதைக் கரைத்து எடுத்துவிட்டால், இரண்டே இரண்டு மெல்லிய கால்களில், சில்லுக்கு மேலே இரண்டரை மைக்ரான் உயரத்தில் ஒரு குட்டிப் பாலம் நிற்கும். அகலம் 50 மைக்ரான். ஒரு தலைமுடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்!

பாலத்தைச் சுற்றிக் காற்று இருந்தாலும் சூடு ஓடிவிடும். அதனால் காற்றை உறிஞ்சி எடுத்து மூடி வைக்கிறார்கள். வீட்டு ஃப்ளாஸ்க்கில் காப்பி ஆறாமல் இருப்பதும் இதே சமாசாரம்தான். இப்படி 240 வரிசை, வரிசைக்கு 336 பாலம் என்று ஒரு தபால்தலையைவிடச் சிறிய இடத்தில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலங்களை நிறுத்தினார்கள். 1992-ல்தான் ராணுவ ரகசியம் விலகி வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அதன் பிறகு பாலங்கள் இன்னும் குறுகி, இப்போது 12 மைக்ரான் அகலத்தில் வருவது சர்வசாதாரணம்.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். மாமியாரின் கை ரகசியம் இதில்தான் இருக்கிறது.

எதிரில் இருப்பவரின் தோல் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், பாலத்தின் சூடும் ஒரு டிகிரி கூடுமா? கூடாது. ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு டிகிரி கூடினாலே அதிகம். வனேடியம் ஆக்ஸைடின் மின்தடை ஒரு டிகிரிக்கு 2 சதவிகிதம் மாறும். அப்படியென்றால் இங்கே மாறுவது பத்தாயிரத்தில் இரண்டு பங்கு! ஆனால் அதே கருவியை நீங்கள் வெயிலில் வைத்து, சில்லே ஒரு டிகிரி சூடானால்? பாலமும் அதோடு சேர்ந்து முழு ஒரு டிகிரி ஏறிவிடும். காய்ச்சல் தரும் சேதியைவிட நூறு மடங்கு பெரிய சேதி அது!

இதைச் சமாளிக்க, வெப்பக் காமிராக்களில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். அவ்வப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காமிரா தன் கண்ணைத் தானே மூடி, ஒரே சீரான சூடுள்ள அந்தத் தகட்டைப் பார்த்து, "இதுக்கு இவ்வளவு... சரி, அப்போ மத்ததெல்லாம் இதைவிட எவ்வளவு கூட?" என்று கணக்கைத் திருத்திக் கொள்கிறது.

நம் வீட்டு நெற்றிக் கருவிக்குள் இருப்பது இதன் ஒன்றுவிட்ட தம்பி. தெர்மோபைல் என்று பெயர். இரண்டு வகைப் பொருள்களை முனைகளில் சேர்த்து, ஒரு முனையைச் சூடாகவும் மறு முனையைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் துளி மின் அழுத்தம் பிறக்கும். 1821-ல் சீபெக் என்ற விஞ்ஞானி கவனித்த விஷயம் இது. சில்லின் நடுவில் அடிப்பாகத்தைச் சுரண்டி எடுத்து, பூரி மாதிரி மெல்லிய ஒரு சவ்வை மட்டும் விட்டு, சூடு வாங்கும் முனைகளைச் சவ்வின் மேலும் மற்ற முனைகளைச் சில்லின் கரையிலும் வைக்கிறார்கள். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சவ்வுக்கும் கரைக்கும் எவ்வளவு வித்தியாசம். கரையின் சூட்டைப் பார்க்கத் தனியாக ஒரு குட்டி உணர்வி. இரண்டையும் கூட்டித்தான் திரையில் எண் வருகிறது. ஏ.ஸி. அறைக்கு வந்த புதிதில் கரை ஒரு சூட்டிலும் கருவியின் முன்மூக்கு வேறு சூட்டிலும் இருந்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

மாமியாரின் புறங்கையும் இதைத்தான் செய்கிறது. தன் கைக்கும் குழந்தையின் கழுத்துக்கும் வித்தியாசம் பார்க்கிறது. அவரே பாத்திரம் துலக்கிய ஈரக்கையோடு வந்திருந்தால் எல்லாக் குழந்தையும் அவருக்கு நெருப்பாகத்தான் சுட்டிருக்கும்! ஒப்பிடச் சொன்னால் இந்தச் சில்லு மகா கெட்டிக்காரன். 'இது இத்தனை டிகிரி, அடித்துச் சொல்' என்றால்தான் தடுமாறும்.

போகிற போக்கில் இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் 'டக்' என்று தானாக அணைகிறதே, உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு சூட்டில் வளைவதால் வரும் சத்தம் அது. டென்னஸி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1990-களில் இதையே தலைமுடிக்கும் கீழான அளவில் செய்து, கதிர் பட்டதும் அந்தக் குட்டிப் பலகை எவ்வளவு வளைகிறது என்று பார்த்து அகச்சிவப்பை அளந்தார்கள். ஆனால் கடையில் நாம் வாங்குபவை பெரும்பாலும் முன்னே சொன்ன இரண்டு வகைதான்.

இனி வீட்டு விஷயம். நெற்றிக் கருவியைக் குழந்தை இருக்கும் அறையிலேயே வைத்திருங்கள். வேறு அறையிலிருந்து கொண்டுவந்தால் கால் மணி, அரை மணி நேரம் அங்கே கிடக்கட்டும். நெற்றி வேர்வையைத் துடைத்து, முடியை ஒதுக்கி, ஃபேன் காற்று நேரே படாமல் பாருங்கள். ஈரத்துணி போட்ட நெற்றியில் பார்ப்பது வீண். வெளியிலிருந்து வந்தவர்களைக் கொஞ்சம் உட்காரவைத்துப் பாருங்கள். எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும். அட்டைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். பல கருவிகளில் 'உடம்பு', 'பொருள்' என்று இரண்டு நிலை உண்டு. பொருள் நிலையில் நெற்றியைக் காட்டினால் உள்ளபடி தோல் சூட்டை, அதாவது குறைவாகத்தான் காட்டும். உடம்பு நிலையில் அதோடு ஒரு கணக்கைக் கூட்டிக் காட்டும். குழந்தை சின்னப் பயல், நிலையை மாற்றி விளையாடியிருக்கலாம், கவனியுங்கள்!

சந்தேகம் வந்தால் அக்குளில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான் பஞ்சாயத்து. பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால், அதோடு வீட்டுக் கருவிகளை எல்லாம் வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். கருவி 'நார்மல்' என்கிறது, ஆனால் குழந்தை பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது என்றாலும் அப்படியே.

விமான நிலையத்துக் காமிராக்களும் இதே கதைதான். 2003-ல் ஸார்ஸ் நோய் பரவியபோது, சிங்கப்பூர் அரசின் பாதுகாப்புத் தொழில்நுட்ப அமைப்பும் எஸ்.டி. எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ராணுவத்துக்கான வெப்பக் காமிராவை அவசர அவசரமாக மாற்றி, பயணிகளைப் பார்க்க வைத்தார்கள். உலகமே பின்பற்றியது. ஒழுங்காகச் செய்தால், கூட்டத்தை மொத்தமாகப் பார்க்காமல் ஒவ்வொருவராக நிறுத்தி, மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். முகத்தில் உடலின் உட்சூட்டுக்கு நெருங்கிய இடம் அது. பக்கத்தில் இத்தனை டிகிரி என்று திட்டமாகத் தெரிந்த ஒரு கறுப்புப் பெட்டியையும் வைத்து, அதோடு ஒப்பிட வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்வது ஏன் தெரியுமா? நம் உடம்பின் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. (அதனால்தான் காமிராவின் லென்ஸையே ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள்.) இவ்வளவு செய்தாலும், கிருமி இருந்தும் காய்ச்சல் வராதவரையும், பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தவரையும் காமிரா பிடிக்காது.

பெண்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. "வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, தொடுவதே இல்லை... மார்பகப் புற்றுநோயை வெப்பப் படத்தில் கண்டுபிடிக்கிறோம்" என்று விளம்பரங்கள் பார்த்திருப்பீர்கள். வலியும் கதிர்வீச்சும் இல்லை என்பது உண்மை. இந்த ஆசை புதிதும் அல்ல. 1956-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து டாக்டர் ரே லாசன், கட்டி உள்ள மார்பகத்தின் தோல் கூடுதல் சூடாக இருப்பதைக் கவனித்து எழுதினார். பெரிய எதிர்பார்ப்பு கிளம்பியது. ஆனால் 1970-களில் அமெரிக்காவில் பெரிய அளவில் பரிசோதித்தபோது, இருக்கும் புற்றையே பல சமயம் தவறவிட்டது என்று கண்டு, அந்தத் திட்டத்திலிருந்தே இதை விலக்கிவிட்டார்கள். உணர்வி மட்டமா? இல்லை, தோலுக்குக் கீழே ஆழத்தில் இருக்கும் சின்னக் கட்டி தோலின் சூட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லையே! அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011, 2017, 2019 என்று திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது: மேமோகிராமுக்குப் பதிலாக வெப்பப் படத்தை நம்பக் கூடாது. யாராவது உங்களிடம் "இது எடுத்தாச்சு, அது எதுக்கு?" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

அப்படியானால் இந்தச் சில்லுக்கு ஒப்பிடும் வேலையையே கொடுத்தால் என்ன? கொடுத்திருக்கிறார்கள், பலன் அபாரம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, செருப்பு அழுத்தி உள்ளே ரணமாவது வலியாகத் தெரியாது. தோல் கிழிந்து புண்ணான பிறகுதான் தெரியும். சில சமயம் விரலோ காலோ போகும் அளவுக்கு முற்றிவிடும். ஆனால் தோல் கிழிவதற்கு முன்பே அந்த இடம் சூடாக ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் டேவிட் ஆம்ஸ்ட்ராங், லாரன்ஸ் லேவரி ஆகியோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், புண் வரும் ஆபத்துள்ள 225 பேரை 18 மாதம் கவனித்தார்கள். ஒரு பகுதியினர் தினமும் அகச்சிவப்புக் கருவியால் இரண்டு பாதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒப்பிடாதவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குப் புண் வந்தது. ஒப்பிட்டவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு.

வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அப்படிப்பட்ட பாதம் இருந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நீங்களும் தொடங்கலாம். கருவியைப் பொருள் நிலையில் வையுங்கள். செருப்பு, சாக்ஸைக் கழற்றி இரண்டு காலும் கொஞ்ச நேரம் ஆறட்டும். பெருவிரலின் அடி, விரல்களுக்குப் பின்னால் உள்ள மேடு, நடுப்பாதம், குதிகால்... இடது காலில் பார்த்த அதே இடத்தை வலது காலிலும் பாருங்கள். கருவி இரண்டு டிகிரி தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை. இரண்டு காலுக்கும் அதே தப்புத்தான், கழித்தால் அடிபட்டுப் போகும்! 4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்து, மறுநாளும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கொப்புளமோ வெடிப்போ நிறமாற்றமோ கண்ணுக்குத் தெரிந்தால் அந்த ஒரு நாள்கூட வேண்டாம். ஒரு கால் மட்டும் ஜில்லென்று இருந்தாலும் சும்மா இருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது மருந்துச் சீட்டோடு அந்த நோட்டையும் பைக்குள் வைத்துக் கொள்ளுங்கள்.